ஒற்றையா? இரட்டையா?

கணக்கில் மிக எளிதான பாடம் எது என்று நம் பள்ளியில் யாரைக் கேட்டாலும், 'ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்கள்' என்று தயங்காமல் சொல்லிவிடுவர். இரண்டால் மீதியின்றி வகுபட்டால் இரட்டை; ஒன்று மீந்தால் ஒற்றை. இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது பலருடைய எண்ணம். ஆகவே சின்ன வகுப்பில் ஒரு நாளும், நடு வகுப்பில் அரை நாளும் இதற்கு ஒதுக்கிவிட்டு எல்லாரும் மேலே போய்விடுகிறோம். பாடம் எளிது என்பதில் எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் எளிது என்ற ஒரே காரணத்துக்காக அதை விளக்கமின்றி உருப்போடச் செய்வது தவறு என்பதும், அதன் விளைவைப் பத்தாம் வகுப்பில்தான் நாங்கள் அனுபவிக்கிறோம் என்பதும் எங்கள் கருத்து. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கீழ் வகுப்புத் தங்கைகளின் நோட்டைப் புரட்டினால் ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் ஆறு வரிகள். ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் இரட்டை. இரட்டையும் இரட்டையும் கூட்டினால் இரட்டை. ஒற்றையும் இரட்டையும் கூட்டினால் ஒற்றை. ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றை. இரட்டையை இரட்டையால் பெருக்கினால் இரட்டை. ஒற்றையை இரட்டையால் பெருக்கினால் இரட்டை. கட்டத்தின் அடியில் சிவப்பு மையில் 'மனப்பாடம் செய்க' என்று எழுதியிருக்கும். அவர்களும் வாய்பாடு போல இராகத்தோடு பாடிப் பாடி ஒப்பிக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். முதல் வரியும் நான்காம் வரியும் இடம் மாறிப் போயிருக்கும். ஒற்றையையும் ஒற்றையையும் சேர்த்தால் ஒரு சமயம் இரட்டை, மறு சமயம் ஒற்றை என்றால் ஒரு சிறுமிக்கு அது மந்திரவாதியின் வித்தை போலத்தானே தோன்றும்? கண்ணால் கண்டது மாறாது. நெட்டுருப் போட்டது எப்போது வேண்டுமானாலும் மாறும்.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தை நம் பாட்டிமார் பள்ளிக்கூடம் போகாமலேயே விளையாடிக் கற்றவர்கள். 'ஒத்தையா, ரெட்டையா?' என்று ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தி புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக் கொண்டு கேட்பாள். மற்றவள் ஊகித்துச் சொல்வாள். கையைத் திறந்து இரண்டிரண்டாகத் தள்ளிப் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு கொட்டை தனியே நின்றால் ஒற்றை. எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்தால் இரட்டை. மேலே கண்ட ஆறு வரிகளும் இந்த ஜோடி சேர்ப்பதில் அடங்கி இருக்கின்றன.

இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒற்றைப்படையாகக் கொட்டை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொருத்தியிடமும் ஜோடிகள் போக ஒன்று தனியே நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் தனியே நின்ற அந்த இரண்டும் தங்களுக்குள் ஜோடியாகிவிடுகின்றன. ஆகவே இரட்டை. ஒருத்தியிடம் மட்டும் தனிக் கொட்டை இருந்தால் அதற்குத் துணை ஏது? அது தனியாகவே நிற்கும், ஆகவே ஒற்றை. பெருக்கலுக்கும் இதே வழிதான். 5 வரிசைகள், வரிசைக்கு 7 கொட்டைகள் என்று அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 3 ஜோடி போக ஒன்று மீதி. ஆக 5 மீதிக் கொட்டைகள். அந்த ஐந்தையும் ஜோடி சேர்த்தால் மறுபடி ஒன்று தனியே நிற்கும். 35 ஏன் ஒற்றை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். வரிசைகளின் எண்ணிக்கையோ, வரிசையில் உள்ள கொட்டைகளின் எண்ணிக்கையோ இரட்டையாக இருந்தால் எதுவுமே மீதி நிற்காது. இப்படிப் பார்த்தவளுக்கு வரி 1-ம் வரி 4-ம் ஒருநாளும் இடம் மாறா.

கழித்தலைப் பற்றி அந்தக் கட்டத்தில் ஒரு வரியும் இல்லாததைக் கவனித்தீர்களா? அது தேவையும் இல்லை. இரண்டு எண்களைக் கூட்டி வரும் விடைக்கும், கழித்து வரும் விடைக்கும் உள்ள வேறுபாடு சிறிய எண்ணின் இரு மடங்கு. 17-ஐயும் 6-ஐயும் கூட்டினால் 23, கழித்தால் 11, வேறுபாடு 12. இரு மடங்கு என்றாலே இரட்டை. இரட்டையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒற்றை ஒற்றையாகவே, இரட்டை இரட்டையாகவே இருக்கும். ஆகவே கூட்டலுக்குரிய விதியே கழித்தலுக்கும் விதி. இதை எங்கள் வகுப்பில் ஒருத்தி கண்டு சொன்னபோது, இத்தனை ஆண்டுகள் இதை யாரும் சொல்லவில்லையே என்று எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

வகுத்தல்தான் பிடிவாதக்காரி. மீதியின்றி வகுபடும்போது ஒற்றையை ஒற்றையால் வகுத்தால் ஒற்றைதான் வரும். இரட்டையை ஒற்றையால் வகுத்தால் இரட்டைதான். ஒற்றையை இரட்டையால் மீதியின்றி வகுக்கவே முடியாது. ஆனால் இரட்டையை இரட்டையால் வகுத்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. 12-ஐ 2-ஆல் வகுத்தால் 6. 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5. இங்கே விதி இல்லை என்று சொல்வதும் கணக்குத்தான். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளில் விதி இல்லாதவற்றுக்கு இடம் இருப்பதில்லை.

இன்னொன்று. 7394 இரட்டை என்று கடைசி இலக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். முன்னால் 7, 3, 9 என்று மூன்று ஒற்றைகள் வரிசையாக நிற்கின்றனவே, அவற்றுக்கு மதிப்பில்லையா என்று மூன்றாம் வகுப்புக் குழந்தை கேட்டால் அது மிக நல்ல கேள்வி. 7394 என்பது 739 பத்துகளும் 4-ம். பத்து என்பது ஐந்து ஜோடி. ஆகவே எத்தனை பத்துகள் இருந்தாலும் அவை முழுதும் ஜோடிகளே. மீதி நிற்கக் கூடியது ஒன்றாம் இடத்தில் மட்டுமே. நமக்குக் கைக்கு ஐந்தாக இரண்டு கைகளில் பத்து விரல்கள் இருப்பதால் வந்த வசதி இது. ஐந்தைந்தாக எண்ணி எழுதும் ஒரு நாடு இருந்தால், அங்கே 12 என்று எழுதுவது நம்முடைய 7; கடைசி இலக்கம் 2, ஆனால் எண் ஒற்றை! கடைசி இலக்க விதி அந்த நாட்டில் செல்லாது. காரணம் தெரிந்தவளுக்கு விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதும் தெரியும்.

பூச்சியத்தின் கதை தனி. அது ஒற்றையா, இரட்டையா, இரண்டும் இல்லையா? கடையில் விற்கும் ஒரு கணக்கு நோட்ஸில் 'பூச்சியம் இரண்டும் அல்ல' என்றே அச்சிட்டிருந்ததை எங்களில் சிலர் பார்த்திருக்கிறோம். ஒன்றுமே இல்லாததை எப்படி ஜோடி சேர்ப்பது என்று அதை எழுதியவர் நினைத்திருக்கலாம். ஆனால் கேள்வி 'தனியே நிற்பது உண்டா' என்பதுதான். வெறுங்கையில் தனிக் கொட்டை ஏதும் இல்லை. ஆகவே பூச்சியம் இரட்டை. 3-லிருந்து 3 போனால் 0. ஒற்றையிலிருந்து ஒற்றை போனால் இரட்டை என்ற விதியும் அதையே சொல்கிறது. 1-க்கும் எதிர் 1-க்கும் நடுவில் அது நிற்கிறது. ஒற்றைகளுக்கு நடுவில் இரட்டை இருப்பதுதான் முறை. பூச்சியத்தை இரட்டை அல்ல என்று தள்ளிவிட்டால் 10, 20, 30 எல்லாவற்றையும் கடைசி இலக்கத்தை வைத்து இரட்டை என்று சொல்லும் உரிமையும் நமக்குப் போய்விடும்.

இது வகுப்பறைச் சண்டை மட்டும் என்று எண்ண வேண்டாம். 1977-இல் பாரிஸ் நகரில் ஒற்றை எண் வண்டிகளுக்கு ஒரு நாள், இரட்டை எண் வண்டிகளுக்கு மறு நாள் என்று முறை வைத்தபோது, ஒற்றை நாளில் பூச்சியத்தில் முடியும் எண் கொண்ட வண்டிகளைப் போலீஸார் பிடிக்காமல் விட்டுவிட்டார்களாம். பூச்சியம் இரட்டையா என்பது அவர்களுக்கே ஐயம். 2012 நவம்பரில் சாண்டி புயலுக்குப் பின் நியூயார்க்கில் பெட்ரோல் பங்கீடு செய்தபோது, இரட்டை எண்ணிலோ பூச்சியத்திலோ முடியும் வண்டிகள் என்று பூச்சியத்தைத் தனியாகவே சொல்லி அறிவித்தார்கள். நம் தலைநகர் டில்லியில் 2016 சனவரி 1 முதல் 15 வரை காற்று மாசைக் குறைக்க இம்முறை வந்தது. அங்கும் பூச்சியம் இரட்டையின் பக்கமே வைக்கப்பட்டது. (பெண்கள் மட்டுமே சென்ற கார்களுக்கு அப்போது விலக்கு அளித்திருந்தார்கள். அது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எங்களுக்குத் தெரியவில்லை!)

குறை எண்களையும் மறந்துவிடக் கூடாது. எதிர் 7 ஒற்றையா என்று கேட்டால் சிலர் விழிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம் படிக்கிறோம்; மீதி எப்போதும் குறை எண்ணாக வரக் கூடாது என்பது அதில் நிபந்தனை. எதிர் 7 என்பது 2-ஐ எதிர் 4-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டியது. மீதி 1. ஆகவே ஒற்றை. அந்தத் துணைத் தேற்றத்துக்கு ஓர் எளிய உதாரணம் 2-ஆல் வகுப்பதுதான். சின்ன வகுப்பில் கொட்டையைத் தள்ளிப் பார்த்தவளுக்கு அது பழகிய வீடு. கட்டத்தை மட்டும் ஒப்பித்தவளுக்கு அது புதுத் தேற்றம்; அதையும் அவள் மனப்பாடம் செய்கிறாள்.

அதிகாலையில் வாசலில் கோலம் போடும் நம் தாய்மார்கள் ஒற்றை, இரட்டையோடு நாள்தோறும் பழகுகிறவர்கள். '7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை' என்றால் நடுவில் 7 வைத்து, இருபுறமும் 5, 3, 1 என்று குறைத்துக் கொண்டு போக வேண்டும். 8 புள்ளியில் தொடங்கினால் 6, 4, 2 என்று 2-இல்தான் நிற்கும்; எத்தனை தலைகீழாக நின்றாலும் 1-இல் முடியாது. இரண்டிரண்டாகக் குறைக்கும்போது ஒற்றை ஒற்றையாகவே இருக்கும் என்பதை எந்தப் புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த 7 புள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? மேலிருந்து நடுவரிசை வரை 1, 3, 5, 7. கூட்டினால் 16, அதாவது 4-இன் வர்க்கம். கீழே மிஞ்சியவை 5, 3, 1. கூட்டினால் 9, அது 3-இன் வர்க்கம். மொத்தம் 25. மார்கழியில் போடும் 15 புள்ளிக் கோலத்துக்கு 64-ம் 49-ம் சேர்ந்து 113. ஒன்றிலிருந்து வரிசையாக ஒற்றை எண்களைக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே கிடைக்கும். ஏன் என்பதையும் புள்ளி வைத்தே பார்க்கலாம். 3-க்கு 3 சதுரமாக 9 புள்ளி வையுங்கள். வலப்புறம் 3, கீழே 3, மூலைக்கு 1 சேர்த்தால் 4-க்கு 4 ஆகிவிடும். சேர்த்தது 7. ஒவ்வொரு முறையும் இரு பக்கத்துக்கும் சமமாகவும் மூலைக்கு ஒன்றும் சேர்க்கிறோம், அது ஒற்றைதானே! கூட்டுத்தொடர் வரிசையில் இதே விடையைச் சூத்திரத்தில் எண்களைப் போட்டுக் கண்டுபிடிக்கிறோம். கோலத்தில் அது கண்ணெதிரே கிடக்கிறது.

இதெல்லாம் சரி, பரீட்சைக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 347, 589, 263, 451 என்று நான்கு எண்களைக் கூட்டச் சொன்னால், நான்கும் ஒற்றை. ஆகவே விடை இரட்டையாகத்தான் வர வேண்டும். 1651 என்று வந்தால் கூட்டலில் பிழை இருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். சரியான விடை 1650. ஆனால் 1640 என்று வந்தால் இந்தச் சோதனை காட்டிக் கொடுக்காது. 'தவறு' என்று சொல்ல அதற்குத் தெரியும். 'சரி' என்று சொல்லத் தெரியாது. இத்தனை எளிய சோதனையைக் கணிப்பொறிகளும் கைக்கொண்டன. ஓர் எழுத்தை 0, 1 ஆகிய குறிகளாக அனுப்பும்போது, 1-களின் எண்ணிக்கை இரட்டையாக வரும்படி கடைசியில் ஒரு குறியைச் சேர்த்து அனுப்புவது ஒரு முறை. வழியில் ஒரு குறி மாறினால் எண்ணிக்கை ஒற்றையாகிவிடும். பெறுகிற இயந்திரம் மறுபடி அனுப்பச் சொல்லும். இரண்டு குறிகள் மாறினால் அதுவும் ஏமாந்துதான் போகும்.

எங்கள் வகுப்புத் தோழியருக்கு இதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும்போது நடு உறுப்பைப் பிரிப்பதற்காக எத்தனை நேரத்தைச் செலவிடுகிறோம்! 3x² + 11x + 5 என்று ஒரு கோவை. முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் 15. பெருக்கினால் 15-ம், கூட்டினால் 11-ம் வரும் இரண்டு முழுக்களைத் தேட வேண்டும். தேடாதீர்கள். 15 ஒற்றை, ஆகவே அந்த இரண்டு எண்களும் ஒற்றையாகவே இருக்க வேண்டும். ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் இரட்டை. 11 ஒருபோதும் வராது. கெழுக்கள் மூன்றும் ஒற்றையாக இருந்தால் முழுக்களைக் கொண்டு காரணிப்படுத்தவே முடியாது. நேரே சூத்திரத்துக்குப் போய்விடலாம். எந்த நோட்ஸிலும் இது இருந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் படித்ததைத் தவிர இதற்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

இன்னொரு வேடிக்கை. 45 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருத்திக்கும் வகுப்புக்குள் சரியாக 3 தோழிகள் இருக்க முடியுமா? முடியாது. 45-ஐ 3-ஆல் பெருக்கினால் 135. ஒவ்வொரு நட்பையும் இரண்டு பக்கமும் எண்ணுவதால் அந்தத் தொகை இரட்டையாக இருந்தாக வேண்டும், 135 ஒற்றை. (ஒருதலை நட்பு இக்கணக்கில் சேராது.) ஆய்லர் என்னும் கணித மேதை 1736-இல் கோனிக்ஸ்பர்க் நகரத்தின் ஏழு பாலங்களை ஆராய்ந்ததும் இத்தகைய சிந்தனையால்தான். நான்கு நிலப்பகுதிகள், ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா என்பது ஊராரின் கேள்வி. ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தின் வழியாக வந்தால் வேறு பாலத்தின் வழியாக வெளியேற வேண்டும். ஆகவே நடுவழியில் உள்ள நிலத்துக்குப் பாலங்கள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். அங்கோ ஒன்றுக்கு 5, மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. எல்லாம் ஒற்றை. தொடங்கும் இடம், முடியும் இடம் என்ற இரண்டுக்கு மட்டுமே ஒற்றையை அனுமதிக்கலாம், நான்குக்கு இயலாது. ஒரு காலடியும் நடந்து பாராமல் முடியாது என்று நிறுவிவிட்டார்.

பழங்கால கிரேக்கர் இதை அற்பம் என்று எண்ணவில்லை. யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் ஒற்றை, இரட்டையைப் பற்றி ஒரு வரிசைத் தேற்றங்களையே வைத்திருக்கிறார். நம் தங்கைகளின் கட்டத்தில் உள்ளவற்றில் பல அங்கே நிறுவப்பட்டிருக்கின்றன. 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதன் நிரூபணமும் இதில்தான் நிற்கிறது. அதை a/b என்று பொதுக் காரணி இல்லாத பின்னமாக எழுதலாம் என்று கொண்டால், a-இன் வர்க்கம் b-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு, ஆகவே இரட்டை. ஒற்றையின் வர்க்கம் ஒற்றையாதலால் a இரட்டையாகத்தான் இருக்க வேண்டும். a-ஐ 2c என்று எழுதினால் b-இன் வர்க்கம் c-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு ஆகிறது, b-யும் இரட்டை. இரண்டும் இரட்டை என்றால் 2 பொதுக் காரணி ஆகிவிடுகிறதே! இந்த நிரூபணத்தைப் பரீட்சைக்கு முன் இரவு பத்து வரியாக உருப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'ஒற்றையின் வர்க்கம் ஒற்றை' என்பதைக் கொட்டை அடுக்கிப் பார்த்தவளுக்கு உருப்போட எதுவும் இல்லை.

அந்த கிரேக்கர்களில் பிதாகரஸைப் பின்பற்றியவர்கள் மீது மட்டும் எங்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர்களுடைய பத்து எதிரிணைகளின் பட்டியலை அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒற்றை, வலம், ஆண், ஒளி, நன்மை எல்லாம் ஒரு பக்கம். இரட்டை, இடம், பெண், இருள், தீமை மறு பக்கம்! பெண்ணையும் இரட்டையையும் ஒரு வரிசையில் வைத்ததில் வருத்தமில்லை. ஜோடி சேர்ந்து நிற்பதும், யாரையும் தனியே விடாததும் குறையா என்ன? இருளையும் தீமையையும் பக்கத்தில் வைத்ததுதான் அநியாயம். நம் ஊரிலும் ஒற்றைக்கு மதிப்பு அதிகம். மொய் எழுதும்போது 101, 501 என்றுதான் எழுதுகிறார்கள். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய உறையே கடையில் கிடைக்கிறது. வழக்கம் அழகாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பாதி பாதியாகப் பிரிக்க முடியாமல் இருப்பதே அதன் பெருமை என்றால் அதுவும் 2-ஆல் வகுத்துப் பார்த்ததன் பயனே.

இந்தப் பாடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது என்று எண்ணுபவர்களுக்கு இன்னும் ஒரு செய்தி. 1742 சூன் 7 அன்று கோல்ட்பாக் என்பவர் ஆய்லருக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து ஒரு கேள்வி பிறந்தது: 2-க்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியுமா? 10 என்பது 3-ம் 7-ம். 28 என்பது 11-ம் 17-ம். 100 என்பது 3-ம் 97-ம். 4-க்குப் பின் 18 பூச்சியங்கள் போட்ட எண் வரை கணிப்பொறியில் சோதித்துவிட்டார்கள். ஒரு விதிவிலக்கும் அகப்படவில்லை. ஆனால் எல்லா எண்ணுக்கும் அது உண்மை என்று இன்று வரை யாரும் நிறுவவில்லை. 6, 28 போலத் தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டலுக்கே சமமாகும் நிறைவெண்களில் ஒற்றை எண் ஒன்றாவது உண்டா என்பதும் தெரியாது. கேள்வி ஒரு ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்குப் புரியும். விடை உலகில் ஒருவருக்கும் தெரியாது. இதைக் கேட்டால் எந்தக் குழந்தைக்குத்தான் ஆவல் பிறக்காது? ஆனால் இதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தக் குரூப் எடுப்பது என்ற கேள்வி வருகிறது. எங்கள் வகுப்பிலேயே நன்றாக யோசிக்கத் தெரிந்த சிலர், 'கணக்கு வேண்டாம்' என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், 'அவ்வளவு மனப்பாடம் என்னால் ஆகாது' என்கிறார்கள். கவனியுங்கள்: கணக்கு புரியவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, மனப்பாடம் ஆகாது என்கிறார்கள். மனப்பாடம் மிகக் குறைவாகத் தேவைப்படும் பாடத்தை மனப்பாடத்துக்கு அஞ்சி விடுவது என்ன விந்தை! சிவப்பு மையில் எழுதிய அந்தக் கட்டத்தில் தொடங்கிய எண்ணம் இது என்பது எங்கள் கட்சி. வீட்டில் வேறு, 'பெண் பிள்ளைக்கு எதற்குக் கஷ்டமான குரூப்?' என்று கேட்பவர்கள் உண்டு. தம்பிக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. பிரெஞ்சு நாட்டில் சோஃபி ஜெர்மேன் என்ற பெண் 1804-இல் எண்களைப் பற்றி காஸ் என்ற பேரறிஞருக்குக் கடிதம் எழுதியபோது, பெண் என்றால் மதிக்க மாட்டார்களோ என்று அஞ்சி லெபிளாங்க் என்ற ஆண் பெயரில் எழுத வேண்டியிருந்தது. ஒரு பகா எண்ணை இரு மடங்காக்கி ஒன்றைக் கூட்டினாலும் பகா எண்ணாகவே வருமானால் அந்த முதல் எண்ணுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது: 3, 5, 11, 23. (11-க்கு 23, 23-க்கு 47. ஆனால் 7-க்கு 15 வருவதால் 7 தேறாது.) இரு மடங்கும் ஒன்றும் என்பது நம் ஒற்றை எண்ணின் இலக்கணமே அல்லவா? இன்று நாம் பெயரை மறைக்க வேண்டியதில்லை. மறைக்காத பெயரோடு போய் உட்காரும் பெண்கள் அந்த வகுப்பில் இருக்க வேண்டும்.

'பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா? கொட்டை வைத்து விளையாட நேரம் ஏது?' என்று ஆசிரியைகள் கேட்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் சிரமத்தை நேரில் பார்ப்பவர்கள் நாங்கள். ஒரு வகுப்புக்கு நாற்பது, ஐம்பது நோட்டுகளைத் திருத்துவது சிறிய காரியமல்ல. ஆயினும் கேட்கிறோம்: மூன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் ஐந்து பீரியடுகள் மட்டும் இதற்குக் கொடுங்கள். கட்டத்தைக் கடைசி நாளில் எழுதட்டும். அதையும் அவர்களே கண்டுபிடித்து எழுதட்டும். தேர்வில் 'ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் ____' என்று கேட்பதற்குப் பதிலாக, 'ஏன் இரட்டை வருகிறது? படம் வரைந்து காட்டு' என்று ஒரு கேள்வி கேளுங்கள். திருத்துவதற்குச் சற்று நேரம் பிடிக்கும்தான். கட்டத்தை ஒப்பிக்கும் குழந்தை இதில் மதிப்பெண் இழக்கக் கூடும் என்பதையும் ஒப்புக் கொள்கிறோம். முதல் ஆண்டில் அப்படி நடக்கும், பெற்றோர் அதற்காக வருந்தி வந்து நிற்கவும் கூடும். அவர்களிடம் ஒரு பிடி கொட்டையைக் கொடுத்து வீட்டில் பிள்ளையோடு ஒரு மாலை விளையாடச் சொல்லலாம்.

தேவையான புளியங்கொட்டைகளை நாங்களே சேகரித்துத் தருகிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தோழியர் நால்வர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.